லினக்ஸ் ரெய்ட் 1: மீளமைப்பு வேகத்தை அமைத்துக்கொள்ளும் முறை

மட்டக்களப்பு நகரில் நான் பராமரித்துவரும் ஓர் அச்சகத்தின் சேவையகத்தில் இரண்டு 2 டெராபைட் வன்தட்டுகள், ஒன்றின் படியாக மற்றது இருக்கும் ரெய்ட் 1 முறையில், உள்ளன. அவற்றுள் ஒன்று பழுதடைய, அதைக் கழற்றிவிட்டுப் புதிய தட்டொன்றைச் சேர்த்தேன். அரை மணித்தியாலம் கழித்துத் திரையில் தெரிந்த வரி இது:

ரிகவரி = 2.1% (41021031/1953382464) ஃபினிஷ்=27715.4மின் ஸ்பீட்=1150கே/செக்

27,715 நிமிடங்கள் என்பது 19 நாட்களுக்கும் மேல். அவ்வளவு காலமும் அந்த அச்சகத்தின் பத்தாண்டு வேலை முழுவதும், பழையதான ஒரேயொரு தட்டில் மட்டுமே இருக்கும் என்பதே அந்த வரியின் பொருள். பக்கத்தில் நின்ற உரிமையாளருக்கோ வேறு கவலை. "தம்பி, வெள்ளிக்கிழமை கல்யாணக் கார்ட் குடுக்கணும். இந்த மெஷின் இழுத்து இழுத்து ஓடினா நான் என்ன செய்ற?" என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயம், என் பதற்றமும் நியாயம். மீளமைப்பு, அதாவது புதிய தட்டைப் பழையதன் படியாக நிரப்பும் பணி, விரைவாக முடிய வேண்டும், அதேவேளை வேலையும் நடக்க வேண்டும் என்ற இந்த இரண்டு தேவைகளுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று தீர்மானிப்பதுதான் வேகத்தை அமைத்தல். அதற்கான வழியை, லினக்ஸை அண்மையில் கையிலெடுத்த ஒருவர் பின்பற்றக்கூடிய விதத்தில் இங்கே எழுதுகிறேன்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்பின்படி தமிழிலேயே தருகிறேன். முனையத்தில் தட்டும்போது அவை அனைத்தையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும். ரெய்ட் தொகுதிகளைக் கையாளும் கருவியின் பெயரான எம்டிஏடிஎம் என்பதை ஐந்து தனி எழுத்துகளாக வாசிக்கவும். எஸ்டிஏ, எஸ்டிபி என்பன முறையே கணினியின் முதலாவது, இரண்டாவது தட்டுகள். அவற்றின் இறுதி எழுத்துகள் ஆங்கில நெடுங்கணக்கின் முதலாம், இரண்டாம் எழுத்துகள். எம்டி0 என்பது அவ்விரண்டும் சேர்ந்து உருவான தொகுதி. கோப்பின் பாதையைத் தட்டும்போது முதற்சில எழுத்துகளுக்குப் பின் டேப் விசையை அழுத்தினால் மீதியை முனையமே நிரப்பிவிடும். நீண்ட பெயர்களில் எழுத்துப் பிழை வராமலிருக்க இதுவே நல்ல வழி.

மீளமைப்பின்போது நடப்பது என்ன

ரெய்ட் 1 முறையில் ஒரே தரவு இரு தட்டுகளிலும் எழுதப்படுகிறது. ஒன்று போனால் மற்றது தனியாக நின்று வேலையைத் தொடரும். புதிய தட்டைச் சேர்த்தவுடன், லினக்ஸின் உட்கருவான கர்னலில் ரெய்டைக் கவனிக்கும் எம்டி இயக்கி, நல்ல தட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை வாசித்துப் புதியதில் எழுதத் தொடங்கும். கோப்பு முறைமை எது, எங்கே கோப்புகள் இருக்கின்றன, எது வெற்றிடம் என்பது பற்றி இந்த இயக்கிக்கு எதுவும் தெரியாது. ஆகவே தட்டில் பத்தில் ஒரு பங்கே நிரம்பியிருந்தாலும் முழுத் தட்டும் படியெடுக்கப்படும். அச்சகத்தார் "கொஞ்ச ஃபைல்தானே இருக்கு" என்று சொல்வதை வைத்து நேரத்தைக் கணிக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இந்தப் பணிக்குக் கர்னல் இரண்டு எல்லைகளை வைத்திருக்கிறது. கீழெல்லை இயல்பாக செக்கனுக்கு 1000 கிலோபைட். மேலெல்லை இயல்பாக 200000 கிலோபைட். தட்டில் வேறு வேலை எதுவும் நடக்காத நேரத்தில் மீளமைப்பு மேலெல்லை வரை ஓட அனுமதிக்கப்படுகிறது. வேறு வேலை நடந்தால், வேகம் கீழெல்லையைத் தாண்டியிருக்கும் வரை இயக்கி ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டே இருக்கும். கீழெல்லைக்குக் கீழே போனால் மட்டும் விட்டுக்கொடுக்க மறுக்கும். அச்சகத்தின் கணினியில் நாள் முழுவதும் பெரிய படக் கோப்புகள் திறந்து மூடப்பட்டபடி இருந்தன. எனவே இயக்கி மரியாதையாக ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் 1150 என்ற எண்ணில் வந்து நின்றது. தட்டும் கேபிளும் பழுதில்லாமல்தான் இருந்தன. 1000 என்ற அந்தக் கீழெல்லை இன்றைய தட்டுகளின் அளவுக்குப் பொருந்தாத சிறிய எண். அந்த வேகத்தில் 2 டெராபைட் தட்டு முடிய 22 நாட்களுக்கு மேலாகும். அதே தட்டு செக்கனுக்கு 100000 கிலோபைட் வேகத்தில் ஐந்தரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேறு வேலை நடக்கிறதா என்று இயக்கி பார்ப்பது தொகுதியை மட்டுமல்ல, அதன் கீழுள்ள தட்டு முழுவதையும்தான். அதே தட்டின் வேறொரு பிரிவில் ஸ்வாப் இருந்து, நினைவகம் போதாமல் கணினி அதில் எழுதிக்கொண்டிருந்தால், அதுவும் வேறு வேலையாகவே கணக்கிடப்பட்டு மீளமைப்பு மெதுவாகும்.

வேகத்தைத் தொடுமுன் மீந்த தட்டைப் பாருங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் படி இதுதான். நான் இதையே மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். மீளமைப்பு என்பது மீந்திருக்கும் பழைய தட்டின் ஒவ்வொரு மூலையையும் வாசிக்கும் பணி. பல வருடங்களாக யாரும் திறந்து பார்க்காத கோப்பு கிடக்கும் இடமும் அன்று வாசிக்கப்படும். இரு தட்டுகளும் ஒரே நாளில் வாங்கி, ஒரே பெட்டிக்குள், ஒரே வெப்பத்தில் ஓடியவையாயின், ஒன்று போனபின் மற்றதன் நிலை எப்படி என்று பார்க்காமல் அதை முழு வேகத்தில் விரட்டுவது ஆபத்தானது.

சுடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ /டெவ்/எஸ்டிஏ

என்ற கட்டளை தட்டின் உடல்நிலை அட்டவணையைத் தரும் (முன்னாலுள்ள சுடோ, கட்டளையை நிர்வாகி அதிகாரத்தோடு ஓடச் செய்வது). அதில் நான்கு வரிகளின் இறுதி எண்ணைப் பாருங்கள். 5 ஆம் இலக்க வரி, கெட்டுப்போனதால் மாற்றிடம் கொடுக்கப்பட்ட துண்டங்களின் தொகை. 197 ஆம் வரி, வாசிக்க முடியாமல் தீர்மானத்துக்காகக் காத்திருக்கும் துண்டங்கள். 198 ஆம் வரி, திருத்தவே முடியாதவை எனப் பதிவானவை. 199 ஆம் வரி, தட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் இடையில் தரவு செல்லும்போது ஏற்பட்ட பிழைகள். பெரும்பாலும் கேபிளின் குற்றம். 197 ஆம் வரியில் பூச்சியம் தவிர வேறு எந்த எண் இருந்தாலும், மீளமைப்பைத் தொடங்குமுன் முக்கியமான கோப்புகளை வெளித் தட்டொன்றுக்குப் படியெடுத்துவிட வேண்டும். அந்தப் படியெடுப்பு தட்டின் ஒரு பகுதியை மட்டுமே வாசிக்கிறது. ஆகவே ஆபத்தும் குறைவு. கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ கடற்கரைக்கு அண்மையிலுள்ள கடைகளில் ஓடும் கணினிகளில் 199 ஆம் வரி மெல்ல மெல்ல ஏறுவதைப் பல தடவை கண்டிருக்கிறேன். உப்புக் காற்றில் இணைப்பிகள் பச்சை பூத்திருக்கும். புதிய சாட்டா கேபிள் ஒன்றை மாற்றிவிட்டு, அந்த எண் மேலும் ஏறவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு தொடருங்கள். ஏற்கனவே ஏறிய எண் இறங்காது. அது தட்டின் வாழ்நாள் கணக்கு.

மேசைக் கணினிக்கென விற்கப்படும் தட்டுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. வாசிக்க முடியாத துண்டமொன்று எதிர்ப்பட்டால் அவை ஒரு நிமிடத்துக்கும் மேலாக விடாமல் முயன்றுகொண்டிருக்கலாம். கர்னலோ இயல்பாக 30 செக்கன் மட்டுமே பொறுத்திருந்து, பின் அந்த இணைப்பையே மீளத்தொடக்கும். தட்டு இன்னும் முயன்றுகொண்டிருக்கும்போதே கர்னல் கைவிட்டுவிடுவதால், ஒரு துண்டத்தில் வந்த பிழை முழுத் தட்டும் போனது போலாகிவிடும். தனியாக நிற்கும் தட்டுக்கு வேறு துணை இல்லை. அது எவ்வளவு முயன்றாவது வாசித்துக் கொடுக்கட்டும் என்று பொறுத்திருப்பதே சரி. ஆகவே அதற்கான பொறுதி நேரத்தைக் கூட்டுங்கள்:

எக்கோ 180 | சுடோ டீ /சிஸ்/பிளாக்/எஸ்டிஏ/டிவைஸ்/டைம்அவுட்

மீளமைப்பு முடிந்து இரு தட்டுகளும் நலமாக இருக்கும் சாதாரண நாட்களில் இதற்கு நேர்மாறான அமைப்பு பொருந்தும்: தட்டு ஏழு செக்கனில் முயற்சியைக் கைவிட, மற்றத் தட்டிலிருந்து தரவை எடுத்து இயக்கி அதைத் திருத்திக்கொள்ளும். தட்டு அதற்கு இடங்கொடுத்தால், ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் -எல் எஸ்சிடிஇஆர்சி,70,70 என்று கொடுத்து அப்படி அமைக்கலாம். அங்கே 70 என்பது செக்கனின் பத்தில் ஒரு பங்கைக் கொண்டு எண்ணிய அளவு. தட்டு தனியாக நிற்கும்போது மட்டும் இந்தக் குறுகிய நேரத்தைக் கொடுக்காதீர்கள்.

நிலையை வாசித்தல்

கேட் /ப்ராக்/எம்டிஸ்டாட்

என்ற ஒற்றை வரியே உங்கள் கண்ணாக இருக்கும். அதில் தொகுதியின் பெயருக்குப் பின் [2/1] [யூ_] என்று தெரிந்தால், இரண்டு தட்டுகளுள் ஒன்றே நலமாக உள்ளது என்று பொருள்; யூ என்ற எழுத்து இயங்கும் தட்டையும் அடிக்கோடு காலியான இடத்தையும் காட்டும். முடிந்தபின் அது [2/2] [யூயூ] என்று மாறும். மீளமைப்பு நடக்கும்போது அதன் கீழே முன்னேற்றப் பட்டையும், மேலே நான் காட்டியதைப் போன்ற வரியும் தெரியும். ரிகவரி என்ற சொல் புதிய தட்டு நிரப்பப்படுவதைக் குறிக்கும். அதே இடத்தில் ரீசிங்க் என்று இருந்தால், கணினி முறையாக அணைக்கப்படாததால் இரு தட்டுகளும் மறுபடி ஒத்திசைக்கப்படுகின்றன. செக் என்று இருந்தால் வழக்கமான சோதனை மட்டுமே. மூன்றுக்கும் வேக எல்லைகள் ஒன்றுதான்.

டிலேய்ட் என்ற சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஒரே தட்டில் பல பிரிவுகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித் தொகுதியாக்கியிருந்தால், எம்டி இயக்கி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகவே மீளமைக்கும். ஒன்று முடியும் வரை மற்றது காத்திருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் தட்டின் தலை அங்குமிங்கும் அலைந்து இரண்டுமே கெடும், காத்திருப்பதே விரைவு.

திரையில் தெரியும் வேகம் ஏறத்தாழ கடந்த அரை நிமிடத்தின் சராசரி. எண்ணை மாற்றியவுடனே பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்று மேலும் மேலும் மாற்றிக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு மாற்றம் செய்தால் ஒரு நிமிடமாவது பொறுத்திருந்து பாருங்கள். வாட்ச் -என் 5 என்பதை முன்னால் சேர்த்து அந்தக் கட்டளையை ஓடவிட்டால் ஐந்து செக்கனுக்கு ஒரு முறை தானாகவே புதுப்பித்துக் காட்டும்.

கீழெல்லையை உயர்த்துதல்

இப்போது வேகத்துக்கு வருவோம். முதலில் இருக்கும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்:

சிஸ்சிடிஎல் டெவ்.ரெய்ட்.ஸ்பீட்_லிமிட்_மின் டெவ்.ரெய்ட்.ஸ்பீட்_லிமிட்_மேக்ஸ்

1000, 200000 என்று வரும். பிறகு கீழெல்லையை உயர்த்துங்கள்:

சுடோ சிஸ்சிடிஎல் -டபிள்யூ டெவ்.ரெய்ட்.ஸ்பீட்_லிமிட்_மின்=50000

கணினியை மீளத்தொடக்கத் தேவையில்லை. ஓடிக்கொண்டிருக்கும் மீளமைப்பே புதிய எண்ணை ஏற்றுக்கொள்ளும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சுடோ எக்கோ 50000 என்று எழுதி, அதன் பின் > என்ற குறியைப் போட்டு /ப்ராக்/சிஸ்/டெவ்/ரெய்ட்/ஸ்பீட்_லிமிட்_மின் என்ற கோப்புக்குத் திருப்பிவிடுவோர் பலர். அனுமதி மறுக்கப்பட்டது என்ற பதிலே அவர்களுக்குக் கிடைக்கும். காரணம், சுடோ என்பது எக்கோ கட்டளைக்கு மட்டுமே அதிகாரம் தருகிறது. கோப்பைத் திறந்து எழுதும் வேலையைச் செய்வது சாதாரணப் பயனராக ஓடும் உங்கள் முனையம். நான் மேலே பொறுதி நேரத்துக்குக் காட்டியது போல, சுடோ டீ வழியாகத் தள்ளினால் இந்தச் சிக்கல் வராது.

எந்த எண்ணை வைப்பது? முதலில் தட்டு எவ்வளவு தாங்கும் என்று அறிய வேண்டும். வேலை நடக்காத நேரத்தில் சுடோ ஹெச்டிபார்ம் -டி /டெவ்/எஸ்டிஏ என்று அளந்தால், சாதாரணச் சுழல் தட்டொன்று செக்கனுக்கு 150 மெகாபைட்டுக்கு அண்மையில் காட்டலாம். ஆனால் அது தட்டின் வெளிவிளிம்பின் வேகம். உட்பக்கம் செல்லச் செல்ல ஒரு சுற்றில் அடங்கும் தரவு குறைவதால் வேகமும் ஏறத்தாழப் பாதிக்கு இறங்கும். எனவே காலையில் 150 என்று ஓடிய மீளமைப்பு மாலையில் 80 என்று ஓடினால் அது இயற்கை. எந்த எண்ணை மாற்றியும் அதைச் சரிசெய்ய முடியாது. ஃபினிஷ் என்ற கணிப்பும் தொடக்கத்தில் சற்றுக் குறைவாகவே காட்டும்.

வேலை நடக்கும் நேரத்தில் கீழெல்லையைத் தட்டின் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு அண்மையில் வைப்பது என் வழக்கம். அச்சகத்தில் 50000 என்று வைத்தேன். வேகம் 1150 இலிருந்து 52000 வரை ஏறியது. பெரிய கோப்புகள் திறக்கும்போது சற்றுத் தாமதம் தெரிந்தது. ஆனால் வேலை நின்றுவிடவில்லை. மாலை ஆறு மணிக்குக் கதவடைத்தபின் 150000 என்று உயர்த்தினேன். யாரும் வேலை செய்யாத இரவில் உண்மையில் இதற்குத் தேவையே இல்லை. வேறு வேலை இல்லாதபோது மீளமைப்பு தானாகவே தட்டின் முழு வேகத்தை எடுத்துக்கொள்ளும். ஆனால் இரவில் காப்புப் படி எடுக்கும் நிரலோ, தரவுத்தளமோ சிறிதளவு ஓடினாலும் இயக்கி மறுபடி ஒதுங்கத் தொடங்கிவிடும் என்பதால் உயர்த்திவைப்பது நல்லது. விடியுமுன் முடிந்திருந்தது. கல்யாண அட்டைகளும் சொன்ன நாளில் போயின.

மேலெல்லையைத் தொட வேண்டிய தேவை சுழல் தட்டுகளில் பெரும்பாலும் வராது. 200000 என்பது அவற்றுள் பலவற்றால் எட்ட முடியாத உயரம். எஸ்எஸ்டி தட்டுகளில் நிலைமை வேறு. சாட்டா எஸ்எஸ்டி செக்கனுக்கு 500 மெகாபைட் அளவில் ஓடக்கூடியது. என்விஎம்இ வகை எஸ்எஸ்டி அதற்கும் பல மடங்கு மேல். அங்கே 200000 ஒரு மூடிபோல் அமுக்கிவைத்திருக்கும். ஸ்பீட்_லிமிட்_மேக்ஸ் எண்ணை 500000 அல்லது அதற்கு மேல் உயர்த்துங்கள். மறுபுறம், வேலை நேரத்தில் மீளமைப்பைக் கட்டுப்படுத்திவைக்க வேண்டுமானால் மேலெல்லையைத் தாழ்த்துவதே உறுதியான வழி; வேறு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை மீறி ஓடாது.

ஒரே கணினியில் இரண்டு மூன்று தொகுதிகள் இருந்து, ஒன்றுக்கு மட்டும் எல்லையை மாற்ற வேண்டுமானால் அதற்கெனத் தனிக் கோப்புகள் உள்ளன:

எக்கோ 50000 | சுடோ டீ /சிஸ்/பிளாக்/எம்டி0/எம்டி/சிங்க்_ஸ்பீட்_மின்

இதில் எண் எழுதப்பட்டால், பொது எண்ணைவிட இதற்கே முன்னுரிமை. கோப்பை வாசித்தால் எண்ணுக்குப் பக்கத்தில் லோக்கல் என்று காட்டும். எண்ணுக்குப் பதிலாக சிஸ்டம் என்ற சொல்லை எழுதினால் பொது எண்ணுக்குத் திரும்பிவிடும். பொது எண்ணை எவ்வளவு மாற்றியும் ஒரு தொகுதி அசையாமல் இருந்தால், முன்பு யாரோ இங்கே எழுதிவைத்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

எண்ணை மாற்றியும் வேகம் ஏறாவிட்டால்

கீழெல்லை 50000 ஆக இருக்க, வேகம் 8000 இலேயே தவித்தால், கட்டுப்படுத்துவது கர்னல் அல்ல, வன்பொருள். சிஸ்ஸ்டாட் பொதியை நிறுவிக்கொண்டு ஐஓஸ்டாட் -எக்ஸ் 2 என்று ஓடவிட்டு, கடைசி நெடுவரிசையில் தட்டு எத்தனை வீதம் வேலையில் இருக்கிறது என்று பாருங்கள். பழைய தட்டு 100 வீதத்தில் நின்று, வாசிக்கும் அளவு குறைவாக இருந்தால் அது உள்ளே போராடிக்கொண்டிருக்கிறது. டிஎம்இஎஸ்ஜி (ஐந்து தனி எழுத்துகள்) என்ற கட்டளை காட்டும் கர்னல் பதிவில் அந்தத் தட்டின் வாசிப்புப் பிழைகள் வரிசையாக வந்துகொண்டிருக்கும். அந்நிலையில் வேகத்தைக் கூட்ட முயல்வதை விட்டுவிட்டு, கோப்புகளைக் காப்பாற்றும் வேலைக்குத் திரும்புங்கள்.

புதிய தட்டு 100 வீதத்தில் நின்று, எழுதும் அளவு மட்டும் செக்கனுக்குச் சில மெகாபைட்டாக இருந்தால், அது எஸ்எம்ஆர் வகைத் தட்டாக இருக்கக்கூடும். கூரை ஓடுகளைப் போல ஒரு தடத்தின் விளிம்பின்மேல் அடுத்த தடம் படிய எழுதும் முறை அது. விலை குறைவு, கொள்ளளவு அதிகம்; ஆனால் ஒரு தடத்தைத் திருத்தினால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டியிருப்பதால், நீண்ட நேரம் எழுதும்போது, அதிலும் இடையிடையே வேறு எழுதும் வேலைகள் புகும்போது, மூச்சுமுட்டிப்போகும். ரெய்ட் தொகுதிக்கென வாங்கும்போது, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத சிஎம்ஆர் வகைதானா என்று தயாரிப்பாளரின் விவரத்தாளில் பார்த்து வாங்குங்கள். ஒரு தட்டு யூஎஸ்பி 2 வழியாக இணைக்கப்பட்டிருந்தால் செக்கனுக்கு 30, 40 மெகாபைட்டுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

வெப்பத்தையும் பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில், தகரக் கூரைக்குக் கீழே, சுவரோடு ஒட்டிவைத்த பெட்டிக்குள் பல மணித்தியாலம் இடைவிடாமல் ஓடும் தட்டு எளிதில் 50 பாகை செல்சியஸைத் தாண்டும். ஸ்மார்ட்சிடிஎல் அட்டவணையின் 194 ஆம் வரி வெப்பத்தைக் காட்டும். அது 50ஐ நெருங்கினால் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி மேசை விசிறியை அதன்பக்கம் திருப்பிவிட்டு, அப்போதும் இறங்காவிட்டால் மேலெல்லையைத் தாழ்த்துவேன். சம்மாந்துறையில் நெல் ஆலையொன்றின் கணக்குக் கணினியில், உமித்தூசு அடைத்த விசிறியைத் துடைத்ததே போதுமாக இருந்தது.

இணையத்தில் காணப்படும் சில ஆலோசனைகள் இங்கே பொருந்தாது. ஸ்ட்ரைப்_கேஷ்_சைஸ் என்ற எண் ரெய்ட் 4, ரெய்ட் 5, ரெய்ட் 6 தொகுதிகளுக்கு மட்டுமே உரியது. ரெய்ட் 1 இல் அந்தக் கோப்பே இருக்காது. முன்வாசிப்பு அளவைக் கூட்டுவதும் மீளமைப்புக்கு உதவாது. எம்டி இயக்கி தன் சொந்த நினைவிடத்தைக் கொண்டே வாசித்து எழுதுகிறது.

மின்தடையும் பிட்மேப்பும்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலில் இருந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். இன்று நிலைமை அப்படியில்லை என்றாலும், ஒக்டோபர், நவம்பர் மாத இடிமழையில் கரண்ட் போய்வருவது வழக்கமே. இன்று இயல்பாகப் பயன்படும் 1.2 பதிப்புத் தலைப்புக் குறிப்பு (தொகுதியின் விவரங்களைத் தட்டிலேயே வைத்திருக்கும் பதிவு) உடைய தொகுதிகளில், மீளமைப்பு எங்குவரை வந்தது என்று இடையிடையே தட்டிலேயே குறித்துக்கொள்ளப்படுகிறது. ஆகவே கரண்ட் போய் வந்தால் மீளமைப்பு பூச்சியத்திலிருந்து தொடங்காது. கடைசியாகக் குறிக்கப்பட்ட இடத்திலிருந்து தொடரும். முறையாக அணைத்து ஏற்றினால் இன்னும் துல்லியமாகத் தொடரும். எனவே யூபிஎஸ் மின்கலம் தீருமுன் கணினியை அணைப்பதற்குத் தயங்க வேண்டாம். மீளமைப்பு கெட்டுவிடும் என்று அஞ்சி, மின்கலம் தீரும்வரை ஓடவிட்டுத் திடீரென நிற்கவிடுவதுதான் தவறு.

பிட்மேப் என்பது இதைவிடப் பெரிய உதவி. எந்தப் பகுதிகளில் அண்மையில் எழுதப்பட்டது என்று தொகுதி வைத்திருக்கும் சிறு குறிப்பேடு அது. கேபிள் தளர்ந்ததால் ஒரு தட்டு விலகிப்போய், அதையே மீண்டும் எம்டிஏடிஎம் கட்டளையின் --ரீ-ஆட் மூலம் சேர்த்தால், விலகியிருந்த காலத்தில் மாறிய பகுதிகள் மட்டுமே படியெடுக்கப்படும். பல மணித்தியால வேலை சில நிமிடங்களில் முடியும். கரண்ட் போய் வந்தபின் நடக்கும் ரீசிங்க் பணிக்கும் இதே பயன். ஆனால் முற்றிலும் புதிய தட்டுக்கு இது உதவாது. அதற்கு முழுப் படியெடுப்பே வழி. 100 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட தட்டுகளில் தொகுதியை உருவாக்கும்போது எம்டிஏடிஎம் கருவியின் பல பதிப்புகள் தானாகவே பிட்மேப்பைச் சேர்க்கும். உங்கள் தொகுதியில் இருக்கிறதா என்று எம்டிஸ்டாட் கோப்பில் பிட்மேப் என்று தொடங்கும் வரியைக் கொண்டு அறியலாம். இல்லையென்றால்:

சுடோ எம்டிஏடிஎம் --க்ரோ --பிட்மேப்=இன்டர்னல் /டெவ்/எம்டி0

மீளமைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது இக்கட்டளை ஏற்கப்படாது. ஆகவே இரு தட்டுகளும் நலமாக இருக்கும் ஒரு நாளில், இதை வாசித்த கையோடு செய்துவிடுங்கள்.

எண்களை நிலைநிறுத்துவதும் திருப்பிவைப்பதும்

சிஸ்சிடிஎல் மூலம் கொடுத்த எண் கணினியை மீளத்தொடக்கினால் மறைந்துவிடும். நிலைக்க வேண்டுமானால் /இடிசி/சிஸ்சிடிஎல்.டி/ கோப்புறையில் 90-ரெய்ட்.கான்ஃப் என்ற கோப்பொன்றை உருவாக்கி, அதில் டெவ்.ரெய்ட்.ஸ்பீட்_லிமிட்_மின் = 20000 என்று எழுதி, சுடோ சிஸ்சிடிஎல் --சிஸ்டம் என்று ஏற்றலாம். நான் நிலையாக வைப்பது 20000 போன்ற நடுத்தர எண்ணைத்தான். 150000 போன்ற எண்ணை நிரந்தரமாக விட்டுவிட்டால் வேறொரு நாளில் சிக்கல் வரும்: டெபியன், உபுண்டு போன்றவற்றில் மாதத்தின் முதல் ஞாயிறு அதிகாலையில் தொகுதி முழுவதும் தானாகச் சோதிக்கப்படும். பெரிய தட்டுகளில் அது பகல்வரை நீளலாம். உயர்ந்த கீழெல்லை இருந்தால், ஞாயிறு காலை கடை திறப்பவருக்குக் கணினி ஏன் திணறுகிறது என்று புரியாது. அந்தச் சோதனையை நிறுத்திவிடாதீர்கள். ஒரு தட்டு போகும் நாளுக்கு முன்பே மற்றதில் மறைந்திருக்கும் கெட்ட துண்டங்களைக் கண்டுபிடித்துத் தருவது அதுதான்.

மீளமைப்பு முடிந்ததும் எம்டிஸ்டாட் கோப்பில் [யூயூ] என்று வந்திருப்பதையும், கர்னல் பதிவின் இறுதியில் ரிகவரி டன் என்ற வரி இருப்பதையும் பாருங்கள். பொறுதி நேரத்தை 30க்குத் திருப்புவதானால் தட்டு ஏழு செக்கன் எல்லையை ஏற்கிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள்; ஏற்காவிட்டால் இரு தட்டுகளுக்கும் 180 ஆகவே இருக்கட்டும். இந்த இரண்டு அமைப்புகளும் கணினியை அணைத்தால் மறைந்துவிடும் என்பதால், ஒவ்வொரு தொடக்கத்திலும் ஓடும் சிறு நிரலில் எழுதிவைக்க வேண்டும். வேக எல்லைகளைப் பழைய எண்களுக்கு மாற்றுங்கள். கணினி இதே தட்டுகளிலிருந்துதான் தொடங்குகிறது என்றால், பழைய பயாஸ் முறையில் ஓடுவதற்கு சுடோ க்ரப்-இன்ஸ்டால் /டெவ்/எஸ்டிபி என்று புதிய தட்டிலும் தொடக்கியை நிறுவுங்கள். ரெய்ட் தொகுதிக்கு வெளியே இருக்கும் அந்தச் சிறு பகுதியை மீளமைப்பு படியெடுப்பதில்லை. பிறகு ஒரு மாலையில், பழைய தட்டின் கேபிளைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் வைத்துக் கணினி எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பினால், அணைத்துக் கேபிளை மாட்டி, பிட்மேப் இருப்பதால் சில நிமிடங்களில் பழைய தட்டை --ரீ-ஆட் மூலம் சேர்த்துவிடலாம்.